கூரை நன்றாக இருக்கிறது என்று எழுதியவர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் எங்கள் தமிழர் சங்கத்தின் செயற்குழு, தன் வாழ்நாளின் மிகக் கடினமான முடிவுகளுள் ஒன்றை எடுத்தது. பிரேசர் டவுனில் எழவிருக்கும் புதிய கட்டடத்தின் அடிக்கல்லில், செயற்குழு உறுப்பினர்களின் பெயர்களுக்கு முன்னால் ‘திரு’ போதுமா, ‘உயர்திரு’ வேண்டுமா என்பது கேள்வி. ‘உயர்திரு’ என்றால் கல் அகலமாக இருக்க வேண்டும். கல் அகலமானால் படிக்கட்டு ஓரத்தில் அடங்காது. இரண்டே கால் மணி நேரம் விவாதம் நடந்தது. இருவர் வெளிநடப்புச் செய்தார்கள். பஜ்ஜி வந்ததும் திரும்பி வந்தார்கள். கடைசியில் ‘உயர்திரு’ என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. படிக்கட்டை நகர்த்திக்கொள்வதென்றும் முடிவாயிற்று.

கைதட்டல் அடங்குவதற்குள் தொலைபேசி ஒலித்தது. கூட்டம் தலைவர் சண்முகசுந்தரம் வீட்டு மாடியில் நடந்துகொண்டிருந்தது. சங்கத்தின் சொந்தக் கட்டடத்தில் இப்போது கூட்டம் நடத்த இயலாது. தலைவரின் மருமகள் மேலே வந்து என்னைப் பார்த்துச் சொன்னார்:

“செக்ரட்டரி அங்கிள், ஜீவனஹள்ளியில யாரோ கௌதமன்னு ஒருத்தர் காலையில தவறிட்டாராம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.”

“எந்த கௌதமன்?” என்றார் பொருளாளர்.

“அதாம்பா, நம்ம கூரை நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்தாரே, அந்தாளு” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“ஓ, அவரா!” என்றார் தலைவர். “நல்ல மனுஷன்.” பிறகு பஜ்ஜித் தட்டை என் பக்கம் தள்ளி, “சங்க இதழ்ல ஒரு நாலு வரி போட்டுடுங்க செக்ரட்டரி. கூரை மேட்டர் வேணாம்” என்றார்.

நான்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

திரு. கௌதமன் அவர்கள் ஜீவனஹள்ளியிலேயே பிறந்து, அங்கேயே வாழ்ந்தவர். அவருடைய தந்தையார் காலத்திலேயே பௌத்தம் தழுவிய குடும்பம். ராணுவக் குடியிருப்புகளின் பராமரிப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓவர்சியராக ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு அவர் தொடங்கிய தொழிலைச் செய்யும் வேறொருவரை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. கூரையைப் பார்த்து, அது எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிக் கொடுப்பது. அவ்வளவுதான்.

பெங்களூரில் கூரையைப் பார்ப்பதற்கு யாரும் பணம் கேட்பதில்லை. ஒழுகல் அடைக்கும் கம்பெனிகள் இலவசமாகவே வந்து பார்க்கின்றன. அப்படி இலவசமாகப் பார்க்கப்பட்ட கூரை எதுவும் நன்றாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பார்ப்பவரே பழுதும் பார்ப்பவர் என்பதால் அவர் கண்ணுக்குப் பழுது நன்றாகத் தெரிகிறது. கௌதமன் அவர்கள் பார்ப்பதற்குக் கட்டணம் வாங்கினார். பழுது பார்க்கமாட்டார். பழுது பார்க்க யாரையும் கைகாட்டவும் மாட்டார். ஆகவே ஊரார் அவரைச் சந்தேகத்துடனேயே பார்த்தார்கள்.

எனக்கு அவர் அறிமுகமானது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் வீடு ஒழுகிய ஒரு மழைக்காலத்தில். அப்போது மூன்று பேர் இலவசமாக வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதலாமவர் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, “சார், தளம் முழுக்க ஊறிப்போச்சு. இப்ப நீங்க நிக்கறதுக்கு மேல இருக்கறது கான்கிரீட் இல்ல, தண்ணி” என்றார். என் மனைவி இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். இரண்டாமவர், “கம்பியெல்லாம் துரு. ஒரு தீபாவளி தாங்கும், ரெண்டு தாங்காது” என்று நாள் குறித்தார். மூன்றாமவர் சட்டைப் பையிலிருந்து ஆணி ஒன்றை எடுத்துக் கைப்பிடிச் சுவரைச் சுரண்டி, உதிர்ந்த மணலை என் உள்ளங்கையில் போட்டார். “உங்க வீடு சார்” என்றார்.

மொத்தத் தளத்தையும் கொத்தி எடுத்துப் புதிதாகப் போடுவதென்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்ட நிலையில்தான், அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள் என்று கௌதமன் அவர்களை வரச் சொன்னேன். சைக்கிளில் வந்தார். கான்வாஸ் பையில் சிறு சுத்தியல், ரசமட்டம், டார்ச், சாக்குக்கட்டி, மேலே ஏறும்போது மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

“வீட்டுக்காரர் யாரு?”

“நான்தான்.”

“மேல வாங்க.”

“நீங்க பாருங்க ஐயா. நான் கீழ இருக்கேன்.”

“நீங்க வரலைன்னா நானும் போகல சார். கீழ குந்திக்கிணு கேட்டா நான் சொல்றது ஒண்ணும் வெளங்காது. அப்பறம் ஏமாத்திட்டுப் போயிட்டான்னுவீங்க.”

இது அவருடைய வழக்கம். கூரைக்குச் சொந்தக்காரர் கூடவே ஏற வேண்டும். ஏறினேன். கட்டி முடித்த பிறகு அந்த மொட்டை மாடியின் மூலைகளை நான் பார்த்தது அன்றுதான். அவர் சுத்தியலால் ஒவ்வோர் அடியாகத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போனார். நல்ல தளத்துக்கு ஒரு சத்தம், உள்ளே வெற்றிடம் விழுந்துபோன தளத்துக்கு ஒரு சத்தம் என்று இரண்டையும் என்னைக் கேட்கவைத்தார். இரண்டாவது சத்தத்துக்கு எங்கள் வீட்டில் இடம் கிடைக்கவில்லை. அதற்கு அவர் தன் டிபன் டப்பாவைத் தட்டிக் காட்டினார். கடைசியில் மழைநீர் இறங்கும் குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் பந்து, ஒரு குழந்தையின் காலுறை, பாதித் தேங்காய் ஓடு ஆகியவற்றை வெளியே எடுத்து வரிசையாக வைத்தார்.

“தண்ணி போறதுக்கு வழியில்ல. நின்னு நின்னு சுவத்துல எறங்குது. அவ்ளோதான் சார்.”

அங்கேயே உட்கார்ந்து, கார்பன் தாள் வைத்து எழுதினார். “தளம் நலம். மழைநீர்க் குழாயில் அடைப்பு இருந்தது, அகற்றப்பட்டது. வேறு வேலை எதுவும் தேவையில்லை.”

என் மனைவி அதை வாங்கிப் படித்து, “இவ்வளவுதானா?” என்றாள். அந்தக் குரலில் ஏமாற்றம் இருந்ததை நான் மறைக்கமாட்டேன். தளமே போய்விட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி, வேண்டிய அனுதாபமும் வாங்கிவைத்திருந்தாள். இப்போது பந்து என்று எப்படிப் போய்ச் சொல்வது? எனக்கும் கோபம்தான். பெரிய தொகைக்குத் தயாராக இருந்தவனிடம் சிறிய தொகை கேட்டால் வரும் கோபம்.

வந்தவுடன் கொடுத்த தேநீரை அவர் தொடவில்லை. எழுதி முடித்த பிறகு, “இப்ப குடுங்கம்மா” என்றார். “குடிச்சிட்டு எழுதினா கை கொஞ்சம் இளகிடும். எழுதினப்பறம் குடுக்கறாங்களான்னும் பாக்கணும் இல்ல?” அப்படி எழுதிய பிறகு பல வீடுகளில் தேநீர் வராது என்பதைப் பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

எங்கள் வீடு அதன் பிறகு ஒழுகவில்லை. நண்பர்கள் சிலருக்கு அவரைச் சிபாரிசு செய்தேன். அதனால் சில நண்பர்களை இழந்தேன். “ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கு ஃபீஸா? ஒண்ணுமில்லைன்னு எனக்கே சொல்லிக்கத் தெரியாதா?” என்று என் பக்கத்து மேசைக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அவருடைய தொழிலில் இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒரு பெரிய வீட்டில் மொட்டை மாடிக்குப் போகும் படி சமையலறையை ஒட்டியிருந்தது. வீட்டுப் பெரியவர் இவர் எந்தப் பகுதி, என்ன குடும்பம் என்று விசாரித்துவிட்டு, “பின்பக்கம் இரும்பு ஏணி இருக்கு, அதுல ஏறிக்கோங்கோ. பார்த்துட்டு அப்படியே இறங்கிடலாம்” என்றாராம். கௌதமன் அவர்கள் பெரியவரின் மகனோடு ஏணியில் ஏறினார், பார்த்தார், இறங்கினார், தோட்டத்துக் குழாயடியில் நின்று எழுதினார்: “மேல் தளம் நலம். வீட்டின் உள்ளே வர அனுமதிக்கப்படவில்லை. ஆகவே உட்பக்கக் கூரையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.”

“அதைப் போய் எழுதணுமா ஐயா?” என்று நான் கேட்டேன்.

“பாக்காததப் பாத்த மாதிரி எழுதச் சொல்றீங்களா?” என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடை தைக்கும் ஷெட் ஒன்றின் முதலாளி இவரை அழைத்தார். வெளிநாட்டிலிருந்து சட்டை வாங்குகிறவர்கள் கட்டடத்தைப் பார்க்க வருகிறார்களாம். அதற்கு முன்னால் கையில் ஒரு நற்சான்று வேண்டும். இவர் ஏறிப் பார்த்தார். தையல் வரிசைக்கு நேர் மேலே இரண்டு சிமெண்ட் ஷீட்டுகளில் விரிசல் இருந்தது. அவற்றைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவாகிக் கையோடு வந்தன. போல்ட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார், கொஞ்சம் விட்டுக்குடுங்க” என்றாராம் முதலாளி. “அவங்க வந்துட்டுப் போனப்பறம் நானே மாத்திடறேன்.”

“மாத்திட்டுக் கூப்புடுங்க. மாத்தினதா எழுதறேன்.”

“நான் குடுக்கற காசுக்கு எனக்கு எதிரா எழுதறீங்களே!”

“காசு கூரையைப் பாக்கறதுக்கு சார். எழுதறது ஃப்ரீ.”

அந்த ஷெட்டிலிருந்து அவருக்கு ஆட்டோச் செலவுகூட வரவில்லை. இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் விமலா டீச்சர். அவர் அப்போது அந்த ஷெட்டில் தையல் மேற்பார்வையாளராக இருந்தார். கணவரை இழந்தவர். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, எங்கள் சங்கக் கட்டடத்தின் பின்னறையை வாடகைக்கு எடுத்துத் தையல் வகுப்பு தொடங்கினார். ஜீவனஹள்ளிப் பெண்கள் இருபது இருபத்தைந்து பேர் மூன்று மாதம் அங்கே பழகி, ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போனார்கள். தமிழர் முன்னேற்றத்துக்காக எங்கள் சங்கம் செய்த ஒரே காரியம் அந்த அறையை வாடகைக்கு விட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி நான் சொல்லப்போவது எங்கள் கூரையைப் பற்றி.

சங்கக் கட்டடம் கருங்கல் சுவரும், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய மச்சுக் கூரையும் கொண்டது. எங்களுக்கு முந்தைய தலைமுறையினர் சம்பளத்தில் பிடித்துக்கொடுத்துக் கட்டியது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, கம்ப்யூட்டர் கம்பெனிகளின் புண்ணியத்தால் மண் பொன்னாகிவிட்ட நேரத்தில், ஒரு பில்டர் தலைவரைச் சந்தித்தார். இடித்துவிட்டு ஐந்து மாடி. அதில் ஒரு மாடி சங்கத்துக்கு. செயற்குழுவுக்கு ஒரே நாளில் தமிழர் முன்னேற்றத்தில் பேரார்வம் பிறந்தது.

இடையூறு ஒன்றே ஒன்று. விமலா டீச்சரின் வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. அவர் காலி செய்ய மறுத்தார். “இந்த வாடகைக்கு இந்தப் பக்கத்துல வேற எடம் இல்ல சார். இருவது மெஷினைத் தூக்கிக்கிணு நான் எங்க போவேன்? தூரமாப் போனா பொண்ணுங்கள வீட்ல அனுப்பமாட்டாங்க” என்று என்னிடம் சொன்னார். வக்கீல் ஒரு வழி சொன்னார்: கட்டடம் ஆபத்தான நிலையில் இருப்பதாக நம்பகமான ஒருவர் பார்த்து எழுதினால், ஒப்பந்தம் இருந்தாலும் உடனே காலி செய்யவைக்கலாம்.

“நம்பகமானவரா?” என்று தலைவர் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. “நம்ம கௌதமன் இருக்காரே! அவர் எழுதினா ஒருத்தனும் மறுத்துப் பேசமாட்டான். அவ்ளோ நேர்மையான மனுஷன்.”

அவருடைய நேர்மைக்கு இந்த ஊரில் முதன்முதலாகக் கேட்பவர் வந்தது அன்றுதான். போய் அழைத்து வரும் பொறுப்பு எனக்கு. என்ன எழுதவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

வந்தார். வழக்கப்படி, “மேல வாங்க” என்று தலைவரைக் கூப்பிட்டார். தலைவர் தம் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். கௌதமன் அவர்கள் சைக்கிளைத் திருப்பினார். தலைவர் ஏறினார். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து, விமலா டீச்சர்.

“நீங்க எதுக்கும்மா?” என்றார் தலைவர்.

“கூரைக்குக் கீழ இருக்கறது நான்தானே சார்” என்றார் டீச்சர்.

தட்டும் சத்தம் கேட்கவேண்டும் என்று கீழே மெஷின்களை நிறுத்தச் சொன்னார் கௌதமன். இருபது பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு சதுர அடியையும் தட்டினார். கெட்ட இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டமிடுவது அவர் முறை. அந்த முழுக் கூரையிலும் அவர் போட்டது ஒரே ஒரு வட்டம். கைப்பிடிச் சுவரின் மூலையில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது, அதைச் சுற்றி.

“ஐயா, நீங்க புத்த மதம். அரச மரத்தையே பிடுங்கச் சொல்றீங்களே” என்று தலைவர் நகைச்சுவையாகக் கேட்டார்.

“புத்தர் மரத்துக்குக் கீழதான் சார் குந்தினாரு. மொட்டை மாடியில மரம் வளக்கல.”

பிறகு கீழே இறங்கி, ஏணி போட்டு, உத்திரங்களை ஒவ்வொன்றாகப் பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தார். கத்தி எதிலும் இறங்கவில்லை. டீச்சரால் பொறுக்க முடியவில்லை.

“சார், விழுமா?”

“எழுதினப்பறம் சொல்றேன்மா.”

“ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க சார்.”

“எழுதினப்பறம்மா.”

தையல் மேசையில் துணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். நாங்கள் சுற்றி நின்றோம். எழுதி முடித்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி அவரே படித்தார். “சுவர், உத்திரம், மேல் தளம் மூன்றும் உறுதியாக உள்ளன. அரசங்கன்று ஒன்று வேரோடு பிடுங்கப்பட்டு, அந்த இடம் சுண்ணாம்பால் பூசப்பட வேண்டும். கட்டடத்தில் ஆபத்து எதுவும் இல்லை.”

பெண்களில் ஒருத்தி கைதட்டினாள். டீச்சர் அவளை அதட்டிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயா, கொஞ்சம் யோசிச்சு எழுதலாமே” என்றார் தலைவர், குரலில் தேன் தடவி.

“யோசிக்கிறதெல்லாம் மேலயே முடிஞ்சுது சார்.”

“பழைய மச்சு. சுண்ணாம்பு வேலை. சந்தேகத்துக்கு இடமிருக்குன்னு ஒரு வார்த்தை சேத்தா போதும்.”

“எனக்கு சந்தேகம் இல்லியே.”

“சரி, சந்தேகம் வேணாம். பிற்காலத்தில் ஆபத்து நேரலாம். அது பொய்யில்லையே?”

“பொய்யில்ல. எல்லாருக்கும் எழுதலாம். ஒங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடுக்கட்டுமா?”

விமலா டீச்சர் தேநீர் கொண்டுவந்தார். கௌதமன் அவர்கள் அதைச் சாவகாசமாகக் குடித்துவிட்டு, பிரதியை என் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அடுத்த மாதம் பில்டர் ஓர் ஆலோசகரை அனுப்பினார். பெரிய பட்டம், மடிக்கணினி, குளிர்சாதனக் கார். கட்டடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிப் பார்த்து, ஏற்றிக்கொண்டு போனார். பத்து நாளில் அறிக்கை வந்தது. வழவழப்பான அட்டை, வண்ணப் படங்கள், முப்பதுக்கு மேல் பக்கங்கள். அதன்படி எங்கள் கூரை மிக மோசமான நிலையில் இருந்தது. எட்டாம் பக்கப் படத்தில் உடைந்த மங்களூர் ஓடுகள் தெரிந்தன. எங்கள் கட்டடத்தில் ஓடே கிடையாது என்பதைச் செயலாளர் என்ற முறையில் சுட்டிக்காட்டினேன்.

“அது ஒரு மாதிரிப் படம்பா” என்றார் பொருளாளர். “விழுந்தா எப்படி இருக்கும்னு காட்டியிருக்காங்க.”

இரண்டு அறிக்கைகள் மாறுபடுவதால், கூரையின் நிலை என்ன என்பதைச் செயற்குழு ஜனநாயக முறைப்படி வாக்கெடுப்புக்கு விட்டது. கூரை ஆபத்தானது என்பதற்கு ஒன்பது கைகள் உயர்ந்தன. நன்றாக இருக்கிறது என்பதற்கு இரண்டு. அந்த ஒன்பது பேரில் கூரையில் ஏறியவர் தலைவர் ஒருவர்தான். செயலாளருக்கு வாக்கு இல்லை என்று விதி இருக்கிறது. எனவே நான் தீர்மானத்தை மட்டும் எழுதினேன். “கூரை மிகவும் ஆபத்தான நிலையில் உள்ளது என இக்குழு ஏற்கிறது.” என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றும் அழகாகவே இருந்தது.

விமலா டீச்சர் நீதிமன்றத்துக்குப் போனார். கௌதமன் அவர்கள் சாட்சி சொன்னார். சங்கத்தின் வக்கீல் அவரை இரண்டே கேள்விகள் கேட்டார். பொறியியல் பட்டம் பெற்றவரா? “இல்லீங்க.” கூரையில் எவ்வளவு நேரம் இருந்தார்? “ரெண்டு மணி நேரத்துக்கு மேல.” நல்ல கூரையாக இருந்தால் இவ்வளவு நேரம் எதற்காகப் பார்க்கவேண்டும் என்று வக்கீல் நீதிபதியை நோக்கி வியந்தார். நான் சங்கத்தின் சார்பில் கடைசி பெஞ்சில், முப்பது பக்க அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டாம் பக்கத்தைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. நானாக எழுந்து சொல்லவும் இல்லை.

டீச்சர் தோற்றார். கிடைத்த இடம் தொலைவில், ரயில் பாதைக்கு அப்பால், ஒரு தகரக் கொட்டகை. முன்பணம் கொடுப்பதற்கு முன் கௌதமன் அவர்களை அழைத்துப் பார்க்கச் சொன்னார். இங்கேயாவது அவர் பாசத்துக்காக ஒரு வரியை மாற்றி எழுதியிருப்பார் என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். “கூரை சரியில்லை. இந்த இடத்தை எடுக்க வேண்டாம்” என்று எழுதினார். “தெரியும் சார், வேற எடம் இல்ல” என்று டீச்சர் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டார். அவ்வளவு தூரம் பாதிப் பெண்கள் வரவில்லை.

அதற்குப் பிறகு கௌதமன் அவர்களை யாரும் கூப்பிடவில்லை. வாடகைக்கு இருப்பவர்களின் கைக்கூலி என்று ஒரு பேச்சு பரவியது. பரப்பியவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களோடு நான் மாதம் ஒருமுறை பஜ்ஜி சாப்பிடுகிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன்னால், அவர் படுக்கையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்காகச் சில வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். நன்றாகவே அமைந்திருந்தன. அவர் என்னைப் பார்த்ததும், “வாங்க செக்ரட்டரி சார்” என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் கேட்டார்:

“அந்த அரசங்கன்னு, புடுங்கினீங்களா?”

“இல்லைங்க ஐயா.”

“உட்டுட்டா வேர் உள்ள போயிடும் சார். சீக்கிரம் புடுங்கிடுங்க. நல்ல கூரை.”

தயார் செய்துகொண்டு போனதை நான் சொல்லவில்லை. அவருடைய மகள் தேநீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு மாலை கூட்டம் முடிந்த கையோடு ஜீவனஹள்ளிக்குப் போனேன். விமலா டீச்சர் எனக்கு முன்பே வந்திருந்தார். அவருடன் ஐந்தாறு பெண்கள், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முடிந்து தொழிற்சாலை அடையாள அட்டையோடு. பௌத்த சங்கத்துப் பெரியவர் ஒருவர் பாலியில் பஞ்சசீலம் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொன்னோம். பொய் சொல்லாமை வந்தபோது டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

வந்தவர்கள் கலைந்த பிறகு, அவருடைய மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துக் காட்டினார். அவர் பார்த்த ஒவ்வொரு கூரைக்கும் எழுதிய அறிக்கையின் கார்பன் பிரதி, தெருவாரியாக நூல் கட்டி அடுக்கியிருந்தது. “மழைக்கு அப்பறம் யாராச்சும் கேட்டு வருவாங்கன்னு வெச்சிருந்தாரு அங்கிள். ஒருத்தரும் வரல” என்றார். ஊதா எழுத்துகள் மங்கத் தொடங்கியிருந்தன. எங்கள் வீட்டின் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். “தளம் நலம்.” அதற்கும் கீழே, எனக்குக் கொடுத்த தாளில் இல்லாத ஒரு வரியைத் தம் பிரதியில் மட்டும் பேனாவால் எழுதிவைத்திருந்தார்: “தேநீர் கொடுத்தார்கள்.”

ஐயா, உங்களை அழைத்துப்போன நாளில் நான் சொல்லாமல் விட்டதையும், நீதிமன்றத்தில் எழுந்து சொல்லாததையும் இங்கே எழுதிவிட்டேன். பிரதி இதுதான். அமைதியாகச் சென்று வாருங்கள்.

சங்கக் கட்டடத்தை இடிக்கும் வேலை இம்மாதம் முதல் தேதி தொடங்கியது. ஆபத்தான கட்டடம் என்பதால் நான்கு நாட்களில் முடித்துவிடலாம் என்று ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுத்திருந்தார். இன்று பத்தொன்பதாம் நாள். முன்பக்கக் கூரை இறங்கிவிட்டது. தையல் வகுப்பு இருந்த அறையின் கூரை இன்னும் நிற்கிறது. ஒப்பந்ததாரர் கூடுதலாகப் பன்னிரண்டு ஆட்களும் ஒரு பெரிய இயந்திரமும் கேட்டிருக்கிறார்.